உழைச்செல்வான் எங்கே? சிறார் மனநோயும் தமிழ்ப் படைப்புகளும்

தோற்றுவாய்

நோயைப் பாடிய தமிழ் நூல்கள் பல. நோயாளியின் அருகில் இருப்பவனைக் கருதிய நூல்கள் சில. அச்சிலவற்றுள் தலையாயது திருக்குறள். மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அந்நான்கு. நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான். பரிமேலழகர் இந்நான்கு உறுப்புகளுக்கும் தனித்தனியே நந்நான்கு இயல்புகள் கூறுகின்றார். நோயுற்றவனுக்கு வேண்டிய இயல்புகளுள் ஒன்று, தன் நோயின் நிலையை எடுத்து உணர்த்தும் வன்மை. உழைச்செல்வானுக்கு வேண்டியவற்றுள் ஒன்று, நோயாளியிடத்து அன்பு.

இவ்வுரையை மனநோயுற்ற ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். எட்டு வயதுக் குழந்தை தன் அச்சத்தை அச்சம் என்று அறியாது; காலையில் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்லும். பதினைந்து வயதுப் பெண் தன் மனச்சோர்வைச் சோர்வு என்று சொல்ல மாட்டாள், அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். நோய்நிலை உணர்த்தும் வன்மை இவர்களிடம் இல்லை, அல்லது இன்னும் முதிரவில்லை. ஆதலின் அவ்வன்மையையும் சேர்த்து உழைச்செல்வானே சுமக்க வேண்டியவனாகின்றான். தாய், தந்தை, ஆசிரியர், தாதி, தோழன் ஆகிய எவர் அவ்விடத்தில் நிற்கின்றாரோ அவரைப் பொறுத்தே சிகிச்சையின் பெரும்பகுதி அமைகின்றது.

இந்த நான்காம் உறுப்பை நம் படைப்புகள் எங்ஙனம் காட்டியுள்ளன, எங்கே காட்டத் தவறின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பினாங்கில் வாழும் தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் இவ்வாராய்ச்சி புறம்பானதன்று. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

வெறியாட்டும் அறத்தொடு நிலையும்

இளம்பருவத்தாரின் மனத்துயரைப் பெரியோர் பிறழ உணர்வதைத் தமிழிலக்கியம் ஈராயிரம் ஆண்டுகளாக அறியும். சங்க அகப்பாடல்களில் வரும் வெறியாட்டு அதற்குச் சான்று. தலைவி மெலிகின்றாள், உண்ணாள், உறங்காள், மேனியின் நிறம் மாறுகின்றது. தாய் கலங்குகின்றாள். கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கின்றாள். முருகன் அணங்கினான் என்று குறி கூறுகின்றது. மணல் பரப்பிய முற்றத்தில் வேலன் வந்து ஆடுகின்றான், ஆடு பலியாகின்றது. தலைவியின் நோயோ தணியவில்லை.

வள்ளுவரின் நான்கு உறுப்புகளும் இக்காட்சியில் உள்ளன. நோயுற்றவள் இருக்கின்றாள், ஆனால் அவளை ஒருவரும் வினவவில்லை. தீர்ப்பவன் வந்துவிட்டான், ஆனால் நோயின் முதலை அவன் அறியான். மருந்தும் உண்டு, அது நோய்க்குப் பொருந்தாத மருந்து. நான்காம் உறுப்பு மட்டுமே பழுதின்றி நிற்கின்றது. அதுவே தோழி. அவள் தலைவியோடு உண்டு, உறங்கி, தினைப்புனம் காத்தவள். உண்மை அவளுக்குத் தெரியும். நற்றிணைப் பாடலொன்றில் அவள் முருகனையே அறியாமை உடையவன் என்று எள்ளி நகையாடும் துணிவைக் காண்கிறோம்.

தோழி செய்யும் செயலுக்கு அகப்பொருள் இலக்கணம் 'அறத்தொடு நிற்றல்' என்று பெயரிட்டது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அச்செயலே. 261 அடிகளில் தோழி செவிலியிடம் பேசுகின்றாள். தாயர் பலரை வினவியதையும், கடவுளரை வழிபட்டு அலைந்ததையும் அவள் பழிக்கவில்லை. அவர்களுடைய கலக்கத்தை ஏற்றுக்கொண்டே, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு, நாணமும் குடிப்பெருமையும் கெடாத சொற்களால் எடுத்துரைக்கின்றாள். நோயாளியின் மானத்தைக் காத்து நோயின் உண்மையைச் சொல்லுதல் என்று இதனை விளக்கலாம்.

தலைவியுற்றது காதல் நோய், அஃது உண்மையான மனநோய் ஆகுமா என்று சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. இன்று மருத்துவர் கூறும் மனச்சோர்வு, பதற்ற நோய், மனச்சிதைவு என்பன வேறு. அவற்றில் உடற்கூறும் மரபுவழியும் சூழலும் பின்னிக் கிடக்கின்றன. தலைவன் வரைந்து கொண்டால் தீரும் துயர் அன்று அது. எனினும் ஈண்டு நாம் ஒப்பிடுவது நோயை அன்று, நோயை அணுகும் முறையை. துயருறும் இளையவரை வினவாமல் அவரைச் சுற்றி நின்று முடிவு செய்யும் வழக்கம் அன்றிருந்தவாறே இன்றும் இருக்கின்றது.

பினாங்கில் 1958

இனி, இலக்கியத்தை விட்டு நம் மண்ணுக்கு வருவோம். மலாயாவில் மனநோயாளருக்கென அமைந்த பெரிய மருத்துவமனை 1911இல் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. மகிழ்ச்சி என்பது பஹாகியா என்ற மலாய்ச் சொல்லின் பொருள். பெயர் மாறிய பின்னரும் மக்கள் வாயில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்பது ஊர்ப்பெயராக நிற்கவில்லை, ஏச்சாகவே நின்றது. விளையாட்டு மைதானத்திலும் வகுப்பறையிலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் அச்சொல்லால் ஏசக் கேட்டிருக்கிறோம்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டாகிய 1958இல் பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு தொடங்கப்பட்டது. நாட்டின் பொது மருத்துவமனை ஒன்றில் அமைந்த முதல் மனநோய்ப் பிரிவு அதுவே. இந்நிகழ்ச்சியின் பொருள் பெரிது. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் செல்லும் அதே வாயிலின் வழியே மனநோய்க்கும் செல்லலாம் என்ற நிலை அன்று பிறந்தது. அதனினும் மேலாக, நோயாளி ஊரைவிட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தீவில் வாழும் தாய் பேருந்தேறிச் சென்று பிள்ளையைப் பார்த்து மாலையில் வீடு திரும்பலாம். 1985இல் பாலம் திறக்கப்படும் வரை பெருநிலத்தினின்று வருவோர் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறியே வந்தனர் என்றாலும், அது ஒரு நாட்பொழுதில் அடங்கும் பயணம். வள்ளுவரின் நான்காம் உறுப்புக்கு அரசு மருத்துவமனையில் கிடைத்த இடம் என்று இதனைக் கருதலாம்.

சட்டமும் மெல்ல மாறியது. 1952ஆம் ஆண்டின் மனநோய்ச் சட்டத்தின் இடத்தில் 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. அதற்கு முன், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த ஒரு மாணவி மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போதே சட்டத்தின் நிழலும் அவள்மேல் விழுந்தது. பெற்றோர் உண்மையை மறைத்ததில் வியப்பில்லை. மறைத்தலால் மருத்துவர் அறிய வேண்டியதும் மறைந்தது.

2022இல் சுகாதார அமைச்சு பள்ளி மாணவரிடையே நடத்திய தேசிய ஆய்வு, 13 முதல் 17 வயதுடையோருள் நான்கில் ஒரு பங்கினரிடம், அதாவது 26.9 விழுக்காட்டினரிடம், மனச்சோர்வின் அறிகுறிகள் உள்ளன என்று கண்டது. அறிகுறி உடையோர் எல்லாரும் நோயாளர் ஆகார். ஆயினும் நாற்பது பேர் அமர்ந்த ஒரு வகுப்பில் பத்துப் பேரை நாம் உற்றுநோக்க வேண்டும் என்பதை இவ்வெண் சொல்கின்றது. பெரியவர்க்கு வரும் மனநோய்களுள் ஏறத்தாழ பாதி பதினெட்டு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்பது உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்தி வருவதாகும்.

புனைகதையில் சிறார் மனம்

இத்தகைய சூழலில் நம் புனைகதை எதைத் தந்தது? சிறார் மனத்தை நுட்பமாக எழுதிய கதைகள் தமிழில் இல்லாமல் இல்லை. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையில் வரும் சாரங்கனை எண்ணுக. மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காதபோது அவன் அழவில்லை, சண்டையிடவில்லை. தானே ஒரு நாட்குறிப்பேட்டைக் கொண்டுவந்து, அன்பளிப்பு என்று அதில் எழுதித் தருமாறு கேட்கின்றான். பெரியவர் கவனத்தின் ஓரத்தில் நிற்கும் குழந்தை தன் வலியை எவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

தி. ஜானகிராமனின் 'முள்முடி' ஆசிரியர்கள் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டிய கதை. பிள்ளைகளை அடித்தறியாத அனுகூலசாமி என்னும் ஆசிரியர் ஓய்வு பெறுகின்றார். திருடிய ஒரு மாணவனோடு பேச வேண்டா என்று முன்னொரு நாள் அவர் சொன்ன ஒரு சொல்லை வகுப்பே காத்து வந்திருப்பது அப்போது தெரிய வருகின்றது. ஓராண்டுக் காலம் அப்பையனோடு எவரும் பேசவில்லை. அவனை அழைத்துக்கொண்டு தாய் வந்து நிற்கின்றாள். அந்தத் தாயே இக்கதையின் உழைச்செல்வான். தன் மகன் சொல்ல இயலாததை அவள் சொல்கின்றாள். ஆசிரியரைக் குற்றம் சாட்டாமல் சொல்கின்றாள். குறிஞ்சிப்பாட்டுத் தோழியின் நேர் வழித்தோன்றல் எனலாம்.

சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' (1998) நாவலில் பாலு என்னும் சிறுவனின் தந்தை பற்றிய அச்சம் வீடு முழுவதும் பரவிக் கிடப்பதைக் காண்கிறோம். அவ்வச்சத்திற்கு ஆசிரியர் நோய்ப்பெயர் எதுவும் சூட்டவில்லை. சிறுவனின் கண்ணுயரத்தில் நின்று அதைக் காட்டுகின்றார்.

இம்மூன்றும் நோயின் வாயிலுக்கு முன் நிற்கும் படைப்புகள். வாயிலுக்கு அப்பால் சென்ற படைப்புகளோ பெரும்பாலும் முதிர்ந்தோரைப் பற்றியவை. எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' செவிக்குள் ஒலிக்கும் குரல்களால் வதையுறும் ஒருவரின் கதை. 1993இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயாளரை அவர் குரலிலேயே பேச விட்ட அரிய நூல். இரண்டும் போற்றத்தக்கவை. ஆயினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று அந்தக் கூடத்தில் ஓர் இரவைக் கழிக்கும்போது என்ன காண்கின்றது, யாரைத் தேடுகின்றது என்ற வினாவுக்கு இவை விடை தரா. விடை தருதல் இவற்றின் நோக்கமும் அன்று.

மருத்துவமனை எனும் முற்றுப்புள்ளி

பினாங்கைக் களமாகக் கொண்ட நாவல்களுள் ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' (1998) தனியிடம் பெறுவது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிப் பினாங்கிலேயே வாழ்ந்து 2016இல் மறைந்த அவர், புற்றுநோயுற்ற ஒரு முதியவரின் நாள்களை மருத்துவமனையோடும் வீட்டோடும் பிணைத்து எழுதினார். பேரனும் நோயில் விழ, நோயுற்ற முதியவரே நோயுற்ற குழந்தைக்கு உழைச்செல்வான் ஆகும் நிலை அந்நாவலில் உருவாகின்றது. மருத்துவமனை அங்கே வாழ்க்கையின் ஒரு பகுதி. கதை அதற்குள் நுழைகின்றது, வெளியே வருகின்றது, மீண்டும் நுழைகின்றது.

உடல்நோய்க்கு நம் எழுத்தாளர் தந்த இவ்வுரிமையை மனநோய்க்கு எளிதில் தருவதில்லை. பத்திரிகைக் கதைகளிலும் மேடை நாடகங்களிலும் திரைப்படங்களிலும் மனநோய் மருத்துவமனை பெரும்பாலும் கதையின் முற்றுப்புள்ளியாகவே வருகின்றது. கதைமாந்தர் சித்தம் கலங்குகின்றார், வண்டி வருகின்றது, கதவு மூடுகின்றது, கதை முடிகின்றது. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நிகழ்ந்தது என்பதை அறியாமலே படிப்போர் கண்ணீர் விடுகின்றனர். அக்கண்ணீரால் அச்சம் வளர்ந்ததே அன்றி அறிவு வளரவில்லை.

உண்மையில் சிறார் மனநல மருத்துவம் கதவு திறக்கும் இடத்தில்தான் தொடங்குகின்றது. அங்கு வரும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் படுக்கையில் சேர்க்கப்படுவதில்லை. குறித்த நாளில் வந்து மருத்துவரைக் கண்டு திரும்புகின்றனர். மருத்துவர் முதலில் பெற்றோரிடம் கேட்கின்றார், பிள்ளையிடம் தனியே கேட்கின்றார், பள்ளியிலிருந்து செய்தி பெறுகின்றார். சிறு குழந்தையாயின் அது பொம்மையோடு விளையாடுவதை உற்றுப் பார்க்கின்றார். உளவியலாளர், தாதி, பேச்சுப் பயிற்சியாளர், சமூகப் பணியாளர் எனப் பலர் சேர்ந்த பணி அது. உயிருக்கு ஊறு நேரும் என்ற அச்சம் இருந்தாலோ, நோய் மிகக் கடுமையாயினாலோதான் உள்ளே தங்க வைக்கின்றனர். அப்போதும், முதிர்ந்த நோயாளர் நடுவே ஓர் இளம்பிள்ளையைப் படுக்க வைக்கலாமா, குழந்தைகள் பிரிவில் வைப்பதா, தனிக் கூடம் அமைப்பதா என்பது உலகெங்கும் மருத்துவமனைகளை வருத்தும் வினா. இத்தனை நாடகம் நிறைந்த ஓரிடம் எழுத்தாளர் கண்ணில் படாமல் கிடப்பது வியப்பே.

தாயைக் குற்றவாளியாக்கும் திறனாய்வு

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உளவியல் கொள்கைகள் தமிழுக்கு வந்தபோது, பிள்ளையின் மனக்கோளாற்றுக்கெல்லாம் தாயின் மடியில் காரணம் தேடும் வழக்கமும் உடன் வந்தது. ஜெயகாந்தனின் 'ரிஷிமூலம்' ஓர் இளைஞனின் மனச்சிக்கலைத் துணிந்து எழுதிய படைப்பு. அதன் துணிவை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு எந்த இளைஞனின் துயருக்கும் அதே திறவுகோலை இடுவது திறனாய்வு ஆகாது.

மேலைநாட்டு மருத்துவமே இத்தவற்றைச் செய்து திருந்தியது. லியோ கன்னர் 1943இல் ஆட்டிசம் என்னும் நிலையை முதன்முதல் விளக்கினார். பின்னர் வந்தோர் சிலர், அன்பு காட்டாத குளிர்ந்த தாயாலேயே குழந்தைக்கு அந்நிலை வருகின்றது என்று கூறினர். புருனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலால் அக்கருத்து பரவியது. பின்னர் ஆய்வுகள் அதைத் தகர்த்தன. இடைப்பட்ட காலத்தில் எத்தனை தாயர் தம் குழந்தையின் நிலைக்குத் தம்மையே பழித்துக் குமைந்தனரோ! உழைச்செல்வானைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நோயாளிக்கு அருகில் நிற்க எவரும் எஞ்சார்.

அருகிருக்கும் மருத்துவம்

குடும்பத்தை அகற்றாமல் சேர்த்துக்கொண்ட மருத்துவத்திற்குச் சான்றுகள் உண்டு. 1950களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளரின் குடும்பத்தாரைக் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தவர் உடனிருப்பது மரபாயிற்று. அங்குச் சிறார்க்கென அமைந்த பிரிவின் பெயர் நம்பிக்கை நிலையம். பிள்ளையைப் பேணும் வகையைப் பெற்றோர் அங்குத் தங்கிக் கற்கின்றனர். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் மருத்துவமனையில் கிடக்கும் குழந்தையைப் பெற்றோர் காண்பதற்குக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. ஜேம்சு ராபர்ட்சன் 1952இல் எடுத்த படமொன்று, தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையின் துயரைக் கண்முன் நிறுத்தியது. 1959இல் வெளிவந்த பிளாட் அறிக்கை பெற்றோர் வருகைக்குத் தடை கூடாது என்று பரிந்துரைத்தது. வாதங்களால் விரைந்து அசையாத கதவை அசைத்ததில் அப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கலைப்படைப்பு செய்யக்கூடியது இது.

நான்காம் உறுப்பு அற்றுப்போனால் நேர்வதற்கும் சான்று உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகத்து 6ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். வழிபாட்டிடத்தை நாடிச் சென்றோரின் நம்பிக்கையைப் பழிப்பது நம் நோக்கமன்று. வெறியயர்ந்த தாயும் தன் மகள்மீது கொண்ட அன்பால்தான் அதைச் செய்தாள். அருகில் இருக்க வேண்டிய மனிதனின் இடத்தைச் சங்கிலிக்குக் கொடுத்ததே கேடாயிற்று.

ஆசிரியரும் சொல்லும்

பினாங்கு மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிகள் 28 உள்ளன. அவற்றில் பயிற்றுவோரே பல பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வெளியே கிடைக்கும் முதல் உழைச்செல்வான். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், ஆசிரியர் காண்பதைப் பெற்றோர் காண முடிவதில்லை.

ஆசிரியர் கையில் உள்ள கருவி சொல். அச்சொல்லை நாம் எவ்வாறு ஆள்கிறோம்? சோர்ந்து கிடப்பவனைச் சோம்பேறி என்கிறோம். ஓரிடத்தில் அமர முடியாதவனை அடங்காப்பிடாரி என்கிறோம். பேசாதவளை அழுத்தக்காரி என்கிறோம். சினம் மிகுந்தால் பைத்தியம் என்றும் கிறுக்கு என்றும் சொல்லிவிடுகிறோம். நம் மொழியில் பித்து என்ற சொல்லுக்கு ஒரு பெருமை உண்டு. இறைவனையே பித்தன் என்று விளித்த மரபு நமது. பாட்டில் அப்பெருமை அழகே. ஆனால் தூக்கமின்றித் தவிக்கும் பதினான்கு வயது மாணவனுக்கு அப்பெருமையாலும் பயனில்லை, மேற்சொன்ன இகழ்ச்சியாலும் பயனில்லை. அவனுக்கு வேண்டியது, நோயை நோய் என்று சொல்லும் இயல்பான சொல்.

சட்டப்படி வயது நிரம்பாத பிள்ளை தானாக மருத்துவமனையில் சேர இயலாது. பெற்றோரோ பாதுகாவலரோ கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். அக்கை நீள்வதும் மடங்குவதும் அவர்கள் காதில் விழுந்த சொற்களைப் பொறுத்தது. தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்த தந்தை, மருத்துவமனைக்குப் போகலாம் என்று ஆசிரியர் கூறியதும் அஞ்சிப் பின்வாங்குகின்றார். மாதங்கள் கழிகின்றன. நோய் முற்றுகின்றது.

ஆகவே வகுப்பறையில் 'முள்முடி'யைக் கற்பிக்கும்போது அதைக் கழிவிரக்கக் கதையாக மட்டும் கற்பித்து முடித்துவிடலாகாது. அந்தப் பையன் அந்த ஓராண்டை எவ்வாறு கழித்திருப்பான் என்று மாணவரை எழுதச் சொல்லலாம். குறிஞ்சிப்பாட்டைக் கற்பிக்கையில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயரை மனனம் செய்வதோடு நிறுத்தாமல், தோழி ஏன் தாயைக் கடியாமல் பேசினாள் என்று வினவலாம். அவ்வினாக்களுக்கு விடை எழுதும் மாணவருள் எவரேனும் தன்னைப் பற்றியே எழுதக்கூடும். அந்த விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் சிவப்புப் பேனாவைச் சற்றே ஒதுக்கிவைத்துப் படிப்பாராக. படித்தபின் அம்மாணவரைத் தனியே அழைத்துப் பேசுவாராக. பள்ளி ஆலோசகரையும் பெற்றோரையும் அம்மாணவரின் மானம் கெடாமல் அணுகுவாராக.

முடிவுரை

திறனாய்வாளன் எழுத்தாளனுக்குக் கதை சொல்லிக் கொடுக்க இயலாது. எனினும் எழுதப்படாத பக்கத்தைச் சுட்டிக் காட்டலாம். பினாங்குப் பொது மருத்துவமனையில் 1958இல் திறந்த அந்தக் கதவின் வழியே எத்தனையோ தாயரும் தந்தையரும் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு சென்றிருக்கின்றனர். காத்திருக்கும் நாற்காலியில் அமர்ந்து தெரிந்தவர் எவரும் வருகின்றனரா என்று அஞ்சியிருக்கின்றனர். மாத்திரையை உணவில் கலப்பதா, சொல்லிக் கொடுப்பதா என்று குழம்பியிருக்கின்றனர். பள்ளிக்குத் திரும்பிய முதல் நாளில் பிள்ளை எங்கே அமர்ந்தது, யார் முதலில் பேசினார் என்று மாலையில் கேட்டிருக்கின்றனர். இவை அனைத்தும் கதைகள்.

அக்கதைகளை எழுத வருவோர் நோயுற்ற பிள்ளையை வியப்புப் பொருளாக்காமலும், தாயைக் குற்றவாளியாக்காமலும், மருத்துவமனையை முற்றுப்புள்ளியாக்காமலும் எழுதுவாராயின், தோழி தொடங்கிவைத்த அறத்தொடு நிலை இந்நூற்றாண்டிலும் தொடரும். பினாங்கின் இளம் எழுத்தாளரிடம் நாம் எதிர்பார்ப்பது அதுவே.